அனுமதிக்குக் காத்திருக்கும் விளம்பரம்

இலவசம் என்று எழுதினாலும் அது விளம்பரம்தான். எங்கள் குழுவில் அந்த விதியை எழுதியவள் நான். எழுதியபோது பெருமையாகக்கூட இருந்தது.

எங்களுடையது மலைச்செடி வளர்ப்பவர்களின் இணையக் குழு. பெகோனியா, பெரணி, ஆர்க்கிட் என்று பைத்தியம் பிடித்த சில நூறு பேர். கொடைக்கானலில் பாதி, சுற்றுக் கிராமங்களில் மீதி, கீழே ஒட்டன்சத்திரத்தில் வெயிலோடு மல்லுக்கட்டும் நாலைந்து பேர். இலை ஏன் கருகுகிறது, வேர் ஏன் அழுகுகிறது என்று கேட்பதும் பதில் சொல்வதும்தான் அங்கே வேலை. ஆனால் பூவைக் கண்டால் விலை கேட்கும் புத்தி நம் ஆட்களை விடாது. ஒருவர் செடி செத்துவிட்டது என்று அழுதுகொண்டிருப்பார், அதன் கீழேயே இன்னொருவர் வந்து 'என்னிடம் உள்ளது, இன்பாக்ஸ் வரவும்' என்பார். துக்க வீட்டில் தேங்காய் விற்பது போல இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் விதிகள் போட்டேன். விற்பனைப் பதிவு சனிக்கிழமை மட்டும். மற்றவர் பதிவின் கீழ் கடை விரிக்கக் கூடாது. தொலைபேசி எண் போட்டால் நீக்கப்படும். ஒரு முறை எவனோ நீல ரோஜா என்று எங்கிருந்தோ திருடிய படத்தைப் போட்டு விதை விற்றுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இன்னொரு விதியும் சேர்ந்தது. செடியின் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்க வேண்டும், அதில் அன்றைய தேதியைக் கையால் எழுதிப் படம் எடுக்க வேண்டும். செடி உண்மையிலேயே கையில் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

விளம்பரம் எதுவானாலும் முதலில் என்னிடம் வரும். நான் அனுமதித்தால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். பிழைப்புக்கு நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். தேதி இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. குழுவில் எனக்குத் தாசில்தார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன், முகத்துக்கு நேராகவே சொல்லத் தொடங்கியபோது பழகிவிட்டது.

அடுக்கம் கிராமத்திலிருந்து ஒருவர் குழுவில் இருந்தார். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போன முன்னாள் லாரி ஓட்டுநர் என்று ஒரு முறை எழுதியிருந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி எதுவும் தெரியாது. முகத்தைக் காட்டியதில்லை. ஆனால் அவருடைய ஒவ்வொரு படத்திலும் இலையைத் திருப்பிப் பிடித்த இடது கட்டைவிரல் இருக்கும். நகம் முழுக்கக் கறுப்பு. எப்போதோ லாரிக் கதவில் நசுங்கியிருக்க வேண்டும். அந்த நகத்தைப் பார்த்தாலே சரியான பதில் வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருக்கும். நான்கு வருஷத்தில் அவர் எதையும் விற்றதில்லை.

கோடைமழை இன்னும் தொடங்காத நாட்கள். ஒரு புதன்கிழமை அவரிடமிருந்து முதல் விளம்பரம் வந்தது. 'என்னிடம் உள்ள செடிகள் எல்லாம். விலை இல்லை. அடுக்கத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம்.' சனிக்கிழமை இல்லையே என்று நிராகரித்தேன். சனிக்கிழமை காலையில் அதே வரிகள் மறுபடி வந்தன. சீட்டு இல்லை. நிராகரித்தேன். மதியம் ஒரு பெகோனியாவின் படத்தோடு வந்தது. சீட்டும் இருந்தது. அதில் எழுதியிருந்த தேதியோ அடுத்த வெள்ளிக்கிழமையுடையது. பெரியவருக்குத் தேதி குழம்பிவிட்டது என்று நினைத்து, 'தேதி தவறு. இன்றைய தேதியுடன் மீண்டும் அனுப்பவும்' என்று எழுதினேன்.

மாலையில் நான்காவது முறையாக வந்தது. இந்தத் தடவை நாற்பத்து மூன்று படங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு, ஒவ்வொன்றிலும் அதே வெள்ளிக்கிழமைத் தேதி. நாற்பத்து மூன்று தடவையும் ஒரே மாதிரி, அவசரமே இல்லாத எழுத்து. எந்தப் படத்திலும் அந்தக் கட்டைவிரல் இல்லை. கீழே ஒரே ஒரு வரி: 'தேதி சரிதான்.'

என்னமோ செய்தது எனக்கு. அதைப் பயம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். என்னோடு குழுவை மேற்பார்க்கும் தம்பி ஒருவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவர் கூப்பிட்டார்.

"அக்கா, பெரியவரு சும்மாதான குடுக்குறாரு. விட்ருங்க. போட்டா ரெண்டே நாள்ல அம்புட்டுச் செடியும் போயிரும். நானே வண்டியெடுத்துட்டு வந்துருவேன்."

"தேதி சரியா போடச் சொல்லு, விடுறேன்" என்றேன்.

"உங்ககிட்ட யாரு பேசுறது" என்று வைத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால், அனுமதிக்கும் பொத்தான்மீது ஒரு முறை விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். எடுத்ததற்குக் காரணம் வெறும் பிடிவாதம். நிராகரிக்கவும் சலிப்பாக இருந்ததால் பதிவு அப்படியே வரிசையில் நின்றது. குழுவைத் திறக்கும்போதெல்லாம் மேலே 'அனுமதிக்குக் காத்திருப்பவை: 1' என்று காட்டிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணி இருக்கும். வடகவுஞ்சியிலிருந்து ஒரு தாய் மகனின் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொண்டுவந்தார். ஒரு கட்டத்தில் அடுத்த மாதத் தேதி போட்டிருந்தது. பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"அது சரியாத்தான் எழுதியிருக்கேன் டீச்சர்" என்றார் அந்தம்மா. ஆபீஸில் இருக்கிற எல்லாரும் அவர்களுக்கு டீச்சர்தான்.

பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார். 'நீங்கும் தேதி' என்ற கட்டம் அது. எங்கள் அலுவலகத்தில் இனி வரப்போகும் தேதியைக் கேட்கும் கட்டம் அது ஒன்றுதான்.

அந்த நாற்பத்து மூன்று சீட்டுகளிலும் இருந்தது அவர் நீங்கும் தேதி. போனை எடுத்து அவருக்குச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. கூப்பிடலாமென்றால் எண் இல்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரு புது உறுப்பினருக்கு உதவ அவர் தன் எண்ணைப் போட்டிருந்தார். விதிப்படி நான் நீக்கிவிட்டேன்.

அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்கும் ஜீப் கிடைத்தது. வழியெல்லாம் ஓட்டுநரிடம் வெரசாப் போகச் சொன்னேன். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அடுக்கத்தில் இறங்கியபோது எதிரிலிருந்த டீக்கடையில் அடுப்பு நெருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"செடிக்காரரா?" என்றார் டீக்கடைப் பெண். "மேல போற பாதையில கடைசி வீடு. டெய்லி ரெண்டு தடவ டீக்கு வருவாரு. ரெண்டு நாளா இந்தப் பக்கமே காணோம்."

பாதையில் ஒரு சத்தமும் இல்லை. பனியில் என் செருப்புச் சத்தமே எனக்குப் பின்னால் யாரோ வருவது போலக் கேட்டது. வேலிப்படல் திறந்தே இருந்தது. உள்ளே நடைபாதையின் இரண்டு பக்கமும் தொட்டிகள் வரிசையாக நின்றன. வாழைநாரில் கட்டிய பாலித்தீன் உறைக்குள் ஒவ்வொன்றிலும் சீட்டு, ஒவ்வொன்றிலும் நாளைய தேதி. யாரோ வரப்போவதாகச் சொல்லி நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. இலைகளெல்லாம் ஈரமாக, துடைத்த மாதிரிச் சுத்தமாக இருந்தன. அத்தனை ஆரோக்கியமான பெகோனியாக்களை நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டேன். வாசல்வரை போனேன்.

வாசலில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கதவுக்குப் பக்கத்தில் தினசரிக் காலண்டர் தொங்கியது. அன்றைய வியாழக்கிழமைத் தாள் காற்றில் ஆடியது. ஏப்ரல் மாதத்துக் காலண்டர் தடிமனாக இருக்க வேண்டும். இதுவோ மெலிந்துபோயிருந்தது. தாளைத் தூக்கிப் பார்த்தேன். அடுத்தது வெள்ளி. அதையும் தூக்கினேன். அதற்குப் பின்னால் வெறும் அட்டை. மிச்ச வருஷம் முழுவதையும் ஒரு பிசிறில்லாமல் கிழித்து எடுத்திருந்தார்.

கதவைத் தள்ளக் கை நீட்டினேன். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து பூவாளி ஒன்று வந்தது. அதைப் பிடித்திருந்த இடது கையின் கட்டைவிரலில் கறுப்பு நகம். அந்த நகத்தைப் பார்த்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

"யாரும்மா, செடிக்கு வந்தீங்களா?"

யாரென்று சொன்னேன். மெல்லச் சிரித்தார். "தாசில்தாரம்மாவா. தேதி தப்புன்னு திருப்பித் திருப்பி அனுப்புனீங்களே."

"நாளைக்கு என்னண்ணே?" என்று நேராகவே கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை.

அவர் பூவாளியைக் கீழே வைக்காமல் நின்றார். "நாளையோட எம் பொண்டாட்டி போயிச் சேந்து ஒரு வருசம்மா. அதுக்கு மேல எனக்கு நாள் வேணாம்னு பட்டுச்சு. அம்புட்டுத்தான்." பிறகு தொட்டிகளைப் பார்த்தார். "இதுகள ஆளுக்கொண்ணாக் குடுத்துட்டா சோலி முடிஞ்சிரும்னு பாத்தேன். நீங்க போட விடல. ஒருத்தரும் வரல. மழையும் இல்ல. வெள்ளனே எந்திரிச்சாத் தண்ணி ஊத்த வேண்டியதாக் கெடக்கு. இதுகளக் காயப் போட்டுட்டு எப்புடிப் போறது? போன சனிக்கிழமையே நீங்க போட்டிருந்தீங்கன்னா, நாளைக்கு வரைக்குங்கூட நா இருந்திருக்க மாட்டேன்."

என்னைத் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. நன்றி சொல்கிற குரலும் இல்லை அது. தண்ணீர்க் கணக்கு சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பொத்தான்மீது வைத்த விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். இரக்கப்பட்டிருந்தால் கொன்றிருப்பேன். பிடிவாதம் காப்பாற்றியது என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் அப்போது எனக்கு எதுவுமே தெரியாது.

அவர் தங்கை பெரியகுளத்தில் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் போனிலிருந்தே கூப்பிட்டேன். தங்கையும் தங்கை மகனும் பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார்கள். அதுவரை டீக்கடைப் பெண்ணும் நானும் அவரை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் ஆள் நிறைய இருக்க, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, அந்த நாள் கழிந்தது. அடுத்த வாரம் மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். தங்கை மகன் அவரோடு தங்கியிருக்கிறார்.

அன்று கிளம்பும்போது சொன்னேன்: "அந்த விளம்பரத்த எடுத்துருங்கண்ணே."

அவர் யோசித்துவிட்டு, "கெடக்கட்டும்ம்மா" என்றார்.

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்த காலண்டரைக் கொண்டுபோய் அங்கே மாட்டினேன். போனதும் முதல் வேலையாக, அவர் பார்க்காதபோது, தாளைத் தூக்கிப் பின்னால் கனம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இதுவரை இருந்திருக்கிறது. குழுவிலும் பழையபடி பதில் எழுதுகிறார். கறுப்பு நகம் படங்களில் திரும்ப வந்துவிட்டது. மழைதான் எனக்கு இப்போது பிடிப்பதில்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போலப் பெய்தால், அவர் காலையில் எதற்கு எழுந்திருப்பார் என்று நினைத்து ஏதாவது ஒரு இலைநோயைக் கிளப்பி அவரிடம் கேள்வி கேட்கிறேன். பாதி நோய்கள் நானே கற்பனை செய்தவை. அவருக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

ஒட்டன்சத்திரத்துத் தம்பிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "நா வண்டியெடுத்துட்டு வந்திருப்பேன்க்கா" என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார்.

அந்த விளம்பரம் இன்னும் வரிசையில் நிற்கிறது. அவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை. நான் அனுமதித்தால் நாற்பத்து மூன்று தொட்டிகளும் போய்விடும். நிராகரித்தால் வேறொரு தேதியோடு திரும்பி வருமோ என்று பயமாக இருக்கிறது. காலாவதியான விளம்பரங்களை உடனே நீக்க வேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான். இன்று காலையும் குழுவைத் திறந்து பார்த்தேன். 'அனுமதிக்குக் காத்திருப்பவை: 1' என்றிருந்தது. அதைத் தொடாமல் மூடிவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.