அத்தான் வாங்கிய ஐந்து ஜாக்கெட்டுகள்

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கும் கடலுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ஒருமுறை படகில் ஏறி, அது கரையை விட்டு நகர்வதற்குள் வாந்தி எடுத்ததுதான். அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பார். மயிரிழை கூடிவிட்டாலும் மொத்தத்தையும் உருக்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அந்த அறைக்குள் நுழைந்தால் பாதி ஊரின் வாய் அலமாரியில் இளித்துக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிறு தவறாமல் பழைய படகுச் சாமான் சந்தையில் அலைந்ததற்கு ஒரே காரணம் அவர் மகன்தான். அவன் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருவான் என்று அத்தான் ஒரு நாற்காலியே வாங்கிப் போட்டிருந்தார். அவனோ மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பழைய மீன்பிடிப் படகை வாங்கிவிட்டான். அத்தான் திட்டிப் பார்த்தார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார், என்னைத் தூது விட்டும் பார்த்தார். எதற்கும் அவன் மசியவில்லை. கடைசியில், "எனக்கு இந்த ரூமுக்குள்ள மூச்சு முட்டுதுப்பா" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து அப்பனும் மகனும் அளந்து அளந்து பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று வண்டியை எடுக்கச் சொன்னார். எனக்கு லாண்டரி வேலை; துணி ஏற்றுகிற வேன் ஒன்று இருக்கிறது. இருக்கிற ஒரு நாள் லீவும் போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். அது எத்தனை வருஷக் கதையாக நீளப் போகிறது என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே டயரில் காற்றைப் பிடுங்கி விட்டிருப்பேன்.

படகு பழுது பார்க்கும் கொட்டகைகளுக்குப் பின்னால், எண்ணெய் படிந்த சிமெண்டுத் தரையில் தார்ப்பாய் விரித்து அந்தச் சந்தை நடக்கும். உடைத்த படகுகளின் உள்ளும் புறமும் அங்கே குவிந்து கிடக்கும். அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒரு பொருளின்மேல் கை வைத்தவன் கையை எடுக்கிறவரை வேறு யாரும் அதற்கு விலை பேசக் கூடாது. மூக்கு அரிக்கிறது என்று கையை எடுத்தால் போச்சு, அடுத்தவன் கை அங்கே விழுந்துவிடும். அதனால் விவரமானவர்கள் ஜோடியாக வருவார்கள். ஒருவர் தொட்டுக்கொண்டு நிற்க, இன்னொருவர் சுற்றி வருவார். எங்கள் ஜோடியில் தொட்டுக்கொண்டு நின்றது யார் என்று சொல்லத் தேவையில்லை. துருப்பிடித்த விளக்கு ஒன்றைத் தொட்டபடி, அவசரமாக ஒதுங்க இடம் தேடவும் முடியாமல், வெயிலில் நான் நெளிந்த நெளிப்பை அந்தச் சந்தையே பார்த்திருக்கிறது.

அத்தான் எந்தச் சாமானையும் வாய்க்குள் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். குனிவார், சின்ன டார்ச்சை அடிப்பார், விரல் கணுவால் தட்டுவார், பிறகு நோயாளியின் வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் வியாபாரியிடம் மெல்லத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலிலேயே பாதி விலை இறங்கிவிடும். இப்படித் திசைகாட்டி வந்தது, தண்ணீர் இறைக்கும் பம்பு வந்தது, ஊதுகுழல் வந்தது, வயர்லெஸ் செட் ஒன்றும் வந்தது. மகன் ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குப்பா என்று எடுத்துப் போவான். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தான் ஒரு வாரம் ஓட்டுவார். வயர்லெஸ்ஸை மட்டும் அவன் வீட்டிலேயே விட்டான். அதில் மற்றவர் பேசுவது கேட்கும்; நாம் பேசுகிற பொத்தான் செத்துப்போயிருந்தது. படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை அக்காவும் அத்தானும் சாயங்காலங்களில் அதில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவன் குரல் வந்தால் அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வருவாள்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும். போகாதே என்று சொல்லித் தடுக்க முடியவில்லை. சரி, போகிறவனோடு தன் கைப்பட ஏதாவது போகட்டும் என்று அந்த மனிதர் நினைத்தார். வேறு ஒன்றும் அவரால் செய்ய முடியவில்லை.

அந்த ஜாக்கெட்டுகள் ஏதோ படகுச் சங்கத்தை மூடியபோது சந்தைக்கு வந்தவை. வழக்கமான பருத்த லைஃப் ஜாக்கெட் இல்லை. சிவப்பாக, மெல்லிசாக, கழுத்துப்பட்டி மாதிரி மாட்டிக்கொள்வது. உள்ளே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கேஸ் குப்பி இருக்கும். கயிற்றுநுனியை இழுத்தால் கேஸ் பாய்ந்து ஊதிக்கொள்ளும். ஒருமுறை இழுத்துவிட்டால் குப்பி காலி, புதிது போட வேண்டும். ஆக, வேலை செய்கிறதா என்று சோதித்தால் பொருள் வீண். சோதிக்காமல் வாங்கினால் நம்பித்தான் வாங்க வேண்டும். இழுத்துப் பார்க்க ஆசையாக இருந்தால் வாங்கிவிட்டு இழுங்கள் என்றான் வியாபாரி. மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கி விலகினார்கள். அத்தானுக்கோ கண் பளபளத்தது. ஐந்து ஜாக்கெட்டுக்கு இரண்டு கை போதாது என்று, நல்ல சட்டையோடு அவற்றின்மேல் குப்புறப் படுத்துவிட்டார். படுத்தபடியே விலை பேசி முடித்தார். சந்தை மொத்தமும் சிரித்தது, நானும்தான். பிறகு ஒவ்வொன்றையும் புரட்டித் தையல் தையலாகப் பார்த்தார். ஒரு நூல் பிரியவில்லை, புத்தம் புதுசு என்றார். இழுக்காமலே குப்பியைத் திருகிக் கழற்றிப் பார்க்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மகன் நான்கை எடுத்துக்கொண்டான். ஐந்தாவதை, "உங்களுக்கு வெச்சுக்கோங்கப்பா, ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்" என்று திருப்பிக் கொடுத்தான். படகு கிளம்பும் போதெல்லாம் அத்தான் துறைமுகப் பாலத்தின் நுனியில் போய் நிற்பார். நான்கு கழுத்திலும் சிவப்பு தெரியும். அவன் கையைத் தூக்குவான். இவர் வேலைக்குத் திரும்புவார்.

போன மாதம் ஒரு பிற்பகல், அக்கா வீட்டுக்குத் துணி கொடுக்கப் போனவன் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காற்று கிளம்பி ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. படகு போய் இரண்டாம் நாள். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஜாக்கெட் எப்படித்தான் ஊதும் என்று கேட்டாள். அத்தான் அதை மாட்டிக்கொண்டு விளக்க ஆரம்பித்தார்.

"விளக்கம் வேண்டாங்க. ஒரு தடவை இழுத்துக் காட்டுங்க, எனக்கு மனசு ஆறட்டும்" என்றாள் அக்கா.

வேறொரு நாளாக இருந்தால் குப்பி வீணாகும் என்று மறுத்திருப்பார். அன்று இழுத்தார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி இழுத்தார். நான் ஜிப்பைப் பிரித்துக் குப்பியைப் பிடித்துத் திருகினேன், கையோடு வந்துவிட்டது. அதன் மூக்கில் ஊசி குத்திய துளை, சுற்றிலும் துரு. யாரோ எப்போதோ பயன்படுத்திவிட்டு, பழையபடி மடித்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"மத்த நாலும்?" என்றாள் அக்கா.

அத்தான் வயர்லெஸ்ஸைப் போட்டார். கொஞ்சம் இரைச்சல், பிறகு அவன் குரல். பக்கத்துப் படகுக்காரனிடம் சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான். காற்று ஏறுகிறது, இருந்தாலும் வலையை எடுத்துவிட்டு நாளைக் காலைதான் திரும்புவோம் என்றான். அத்தான் செத்த பொத்தானை அழுத்தி அழுத்தி, அதை நம்பாதே, அதை நம்பாதே என்று கத்தினார். வேலை செய்யாது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். என்றாலும் அந்தக் கையை விலக்க எனக்கு மனம் வரவில்லை.

துறைமுக ஆபீசுக்கு வேனை விரட்டினேன். அத்தான் காலியான ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடி எல்லாவற்றையும் கேட்டார். ஆபத்து நேரத்துக்கான செட்டில் இதையெல்லாம் பேசக் கூடாது என்றார். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது, நடுக்கடலுக்கு வேறு ஜாக்கெட் கொண்டுபோய்க் கொடுக்கவா முடியும் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

"அதை நம்பிக் குதிச்சுடக் கூடாது சார். தெரிஞ்சாவது இருக்கட்டும்" என்றார் அத்தான்.

அதிகாரி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு வயர்லெஸ்ஸில் படகைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று மறுமுனையில் மகன் கேட்டான். அதிகாரி மைக்கை அத்தானிடம் நீட்டினார்.

"பயப்படாதீங்கப்பா. வாங்கின அன்னிக்கே குப்பியைக் கழட்டிப் பாத்துட்டோம், நாலுமே காலி. நாங்க போட்டிருக்கறது எங்க பழைய ஜாக்கெட்டு."

"போறப்ப கழுத்துல செவப்பாத் தெரியுதேப்பா?"

"நீங்க வந்து நிக்கறீங்கல்ல. வெளிய வந்ததும் கழட்டி வெச்சுடுவோம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். அத்தான் மட்டும் மைக்கைக் கொடுக்கவில்லை. திசைகாட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அது நிற்காமல் சுற்றுகிறது என்று பதில் வந்தது. பம்பு? வேறு வாங்கிவிட்டார்களாம். அடுத்ததைக் கேட்காமல் இருக்கக்கூடாதா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"நான் வாங்கித் தந்ததுல ஏதாவது ஒண்ணு படகுல இருக்காப்பா?"

இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் கடலில் இருந்த அத்தனை படகும் அதைக் கேட்டிருக்கும். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

"இருக்குப்பா. அந்த நீலக் கயிறு இருக்குல்ல, நங்கூரத்துக்கு அதைத்தான் கட்டியிருக்கோம். நல்ல கயிறுப்பா."

"சரிப்பா. பாத்து வா" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டார் அத்தான்.

வெளியே வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றப் பார்த்தார். கொக்கி சிக்கிக்கொண்டது, நான்தான் எடுத்துவிட்டேன். வண்டி வண்டியாக ஏற்றி வந்த சாமானில் எது என்ன என்று எனக்கெங்கே நினைவு. அவரைத் தேற்ற வேண்டுமே என்று, போகட்டும், கயிறாவது உதவியதே அத்தான் என்றேன்.

அவர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கயிறே வாங்கினதில்ல, மச்சான்."