நெய்யில் குழைத்த காரட் மாத்திரை

எங்கள் வீட்டில் எந்த மருந்தையும் வெறும் தண்ணீரில் விழுங்கக் கூடாது. பொடி என்றால் தேன், லேகியம் என்றால் பால், மற்றதற்கெல்லாம் நெய். இது அம்மா போட்ட சட்டம். டாக்டர் கொடுக்கும் ஜுர மாத்திரையைக்கூடத் தண்ணீரோடு கொடுக்க அவளுக்கு மனசு வராது.

எங்கள் ஊர் இளவட்டங்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்குக் கிளம்பிவிட்ட காலம் அது. சித்தப்பாவுக்கும் குவைத்தில் டிரைவர் வேலைக்கு விசா வந்திருந்தது. மெடிக்கல் மட்டும் பாக்கி. அதில் கண்ணையும் சோதிப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட, பாபநாசத்து அத்தை ஒரு டப்பாவோடு வந்து இறங்கினாள். உறவுக்காரர்களே வீடு வீடாக மூலிகை மாத்திரை விற்கும் வியாபாரம் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. அத்தை அதில் சேர்ந்திருந்தாள்.

"அத்தனையும் காரட் சத்து அண்ணி. பக்கவிளைவுங்கிற பேச்சே கிடையாது. கண்ணு பளிச்சுன்னு ஆயிடும் பாருங்க."

தினம் ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தது. மூலிகைதானே, கூடினால் என்ன கெட்டுவிடும் என்று அம்மா அதைக் காலையும் மாலையும் ஆக்கினாள். உறையைப் பிரித்து, உள்ளே இருந்த ஆரஞ்சுப் பொடியை உருக்கின நெய்யில் குழைத்து ஒரு கரண்டி. கூடவே கொல்லையில் பழுத்த பப்பாளி. சித்தப்பா மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். குவைத் விஷயத்திலும் அப்படித்தான். அப்பா பேசுவார், சித்தப்பா தலையாட்டுவார்.

மெடிக்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாங்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். விழுந்த காய்களை அள்ள சித்தப்பா கையைத் திருப்பினார்.

"அய்யய்யோ, சித்தப்பா கை மஞ்சளா இருக்கு!"

கத்தியது நான்தான். காலைப் பார்த்தால் உள்ளங்காலும் மஞ்சள்.

வீடே இடிந்துபோய் உட்கார்ந்தது. காமாலை என்றால் மெடிக்கலில் தள்ளிவிடுவார்கள், விசா போயே போச்சு. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். அம்மா உப்பில்லாக் கஞ்சி வைத்தாள். காமாலைக்கு ஆகாது என்று நெய்யை நிறுத்தினவள், தெம்புக்கு வேண்டுமே என்று காரட் மாத்திரையை மட்டும் விடவில்லை! எனக்கு அழுகையாக வந்தது. சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மன்னார்குடிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். முதலில் கண்டுபிடித்தவள் என்ற உரிமையில் நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டரம்மா சித்தப்பாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். என்னென்ன சாப்பிட்டார் என்று துருவித் துருவிக் கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். மத்தியானம் ரிசல்ட் வந்ததும் சிரித்துவிட்டார்.

"காமாலைன்னா கண்ணுதாங்க முதல்ல மஞ்சளாகும். இவருக்குக் கண்ணு வெள்ளை, ரத்தமும் சுத்தம். காரட்டுல இருக்கிற நிறம் கொழுப்புல கரையிறது. நெய்யோட குடுத்தா உடம்பு நல்லா இழுத்துக்கும். வேண்டினது போக மிச்சம் தோல்ல போய்த் தங்கிடும். மாத்திரைய நிறுத்துங்க, தானா வெளுத்துடும். மூலிகைன்னாலும் அளவு வேணாமா? மெடிக்கலுக்குத் தாராளமாப் போகலாம்."

அப்பா கைகூப்பிவிட்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அப்பாடா, பிள்ளையார் கைவிடவில்லை. எல்லோரும் எழுந்துவிட்டோம். சித்தப்பா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இன்னொரு தரம் நல்லாப் பாருங்க டாக்டர். கண்ணுல லேசாக்கூட மஞ்சள் இல்லீங்களா?"

"துளிகூட இல்லைங்க."

"ரத்தத்தை வேணும்னா திரும்ப எடுத்துப் பாக்கலாமே?"

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். "சித்தப்பாவுக்கு உடம்பு மேல எவ்வளவு அக்கறை பாரும்மா! திரும்பத் திரும்பக் கேட்டாரு" என்றேன் பெருமையாக.

கொல்லைப்பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்த சித்தப்பாவை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதை உங்கப்பாகிட்ட சொல்லாதே" என்றாள். நல்ல விஷயத்தை ஏன் சொல்லக் கூடாது என்று எனக்குப் புரியவே இல்லை.