வாக்கிங்கா, கிரிவலமா

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு ஊரடங்கு நாட்களில் நான் ஊரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரர் தினமும் கொஞ்ச தூரம் ரோட்டில் நடக்க வேண்டும். அதை ஒருவரிடமும் வாங்க முடியவில்லை.

அவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை மூட்டை ஏற்றும் மினி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டாவது அலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபி பார்த்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"முதல் சில மாசம்தான் முக்கியங்க. தினம் நடக்க வைங்க. சமமான ரோட்ல, நேரா, நல்லா தூரமா. வர்றதெல்லாம் இப்பதான் வரும். விட்டுட்டீங்கன்னா கால் அப்படியே விறைச்சுடும். அப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அவரைக் கூட்டிக்கொண்டு அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த சூட்டோடு முழு ஊரடங்கு போட்டுவிட்டார்கள்.

எங்கள் வீடு இரண்டே அறை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் அவர் ஒரு தடவை திரும்புவதற்குள் நடை முடிந்துவிடும். மொட்டை மாடிக்குக் கைப்பிடி இல்லாத இரும்புப் படி. ஆனால் எங்கள் தெரு போய் முட்டுவது மலையைச் சுற்றிப் போகும் கிரிவலப் பாதையில். ஓரத்தில் கல் பாவிய, மேடு பள்ளமில்லாத நடைபாதை. இந்த ஜில்லாவிலேயே இதைவிட நல்ல நடைபாதை எனக்குத் தெரிந்து கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எள் போட்டால் எள் விழாத அந்தப் பாதை ஆளே இல்லாமல் காலியாகக் கிடந்தது. தெருமுனையில் இரும்புத் தடுப்பு வைத்து, பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதை காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

முதலில், மேடும் பள்ளமுமாக இருந்தாலும் பரவாயில்லை என்று, எங்கள் தெருவுக்குள்ளேயே நடத்திப் பார்த்தேன். இடது கையில் தடி, வலப்பக்கம் நான். நான்கு வீடு தாண்டவில்லை, எதிர்வீட்டுப் பெண் கேட்டுக்குள் நின்றபடி சத்தம் போட்டாள்.

"இன்னாக்கா, ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், உனக்கு மட்டும் தனிச் சட்டமா? வெளிய வராதீங்கன்னு அத்தினி தடவை மைக்ல கத்தறாங்க இல்ல?"

அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என்னைவிடச் சின்னவள். முதல் அலையில் புருஷனைப் பறிகொடுத்தவள். கடைசியாக முகம் பார்க்கக்கூட அவளை விடவில்லை. பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். பால் பாக்கெட்டைக்கூட சோப்பு போட்டுக் கழுவித்தான் உள்ளே கொண்டுபோவாள். அவள் பயம் பொய்ப் பயம் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"உன் வீட்டு வாசப்படியில வந்தா இருமினாரு? ரோட்ல நடக்கறாரு. காலு போயிடும்னு டாக்டரு சொல்லிக்கீறாங்க."

"உனக்குக் காலு. எங்களுக்கு உயிரு."

அந்த நேரத்தில் ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. காற்றாட நடந்தால் ஒன்றும் வராது, வீட்டுக்குள் அடைந்து கிடந்தால்தான் வரும் என்று ஒரு கட்சி. ஒருத்தரை விட்டால் ஒன்பது பேர் கிளம்புவார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் தொண்டை வற்றக் கத்தினார்கள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கத்தினார்கள் என்பதுதான் வேடிக்கை. நடுரோட்டில் தடியை ஊன்றி நின்ற மனிதரின் கால் நடுங்குவதை ஒருவரும் பார்க்கவில்லை. நான் அவரைத் திருப்பி உள்ளே கூட்டிப்போனேன்.

ஒரு உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கல்யாணத்துக்கு உண்டு, சாவுக்கு உண்டு, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு உண்டு, நடப்பதற்கு அனுமதி கிடையாது என்றார்கள். அவர்கள்மேல் கோபப்பட்டு என்ன செய்வது? அவர்களுக்குச் சொல்லிவைத்ததை அவர்கள் சொன்னார்கள்.

அப்புறம் ஊரே செய்ததை நானும் செய்தேன். கடைக்குப் போக மட்டும் காலையில் கொஞ்ச நேரம் விட்டார்கள். அதனால் ஒரு மஞ்சள் பையை அவர் தோளில் மாட்டினேன். பாதையில் வலப்பக்கம் மலையை வைத்து, அதாவது கிரிவலம் போகிற திசையில், கொஞ்ச தூரம் போனால் ஒரு மளிகைக் கடை. கடைவரைக்கும் நடை, அங்கே படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவது, பிறகு திரும்பி நடை. பையைப் பார்த்து கான்ஸ்டபிளும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சில நாட்களில் அவர் முழங்கால் தானாக மடங்க ஆரம்பித்தது. கால் கட்டைவிரல் அசைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

ஒரு நாள் எதிர்வீட்டுப் பெண் எங்களைப் போனில் படம் பிடித்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். தோளில் பை காற்றில் ஆடுவது அதில் நன்றாகத் தெரிந்தது. கீழே, 'தினமும் காலிப் பைதான் போகுது, காலிப் பைதான் வருது. இது என்ன ஷாப்பிங்?' என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். யார் யாரோ என்னென்னமோ எழுதினார்கள். பொய் சொல்லி ஊரை ஏமாற்றுகிற குடும்பம் என்று ஒருவர். நோயாளியை வைத்து நாடகம் என்று இன்னொருவர். எங்கள் பக்கம் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களோடு சண்டை இன்னும் பெரிதாயிற்று. மறுநாள் கான்ஸ்டபிள் தடுப்பை நகர்த்தவில்லை.

"கம்ப்ளைன்ட் வந்துட்டுதும்மா. என் வேலைக்கு வேட்டு வச்சிடாத."

என் வீட்டுக்காரர் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இத்தினி வருஷம் வண்டி ஓட்டனேன், ஒரு மூட்டை கம்மியாச்சுன்னு எவனும் சொன்னதில்ல. பொய்யன்னு சொல்லிட்டாங்க பார்த்தியா" என்றார். பேச்சு அப்போது அவருக்குக் குழறும். இந்த வாக்கியம் மட்டும் தெளிவாக வந்தது. அதற்குப் பிறகு அவர் பையைத் தொடவில்லை.

வாரங்கள் போயின. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நடந்த நடையை அவர் கால் நடையாகவே ஏற்கவில்லை. பாதம் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பித்தது. காலையில் முழங்காலை மடக்கி விடும்போது என் கைக்குத் தெரிந்துவிடும், நேற்றைவிட இன்று மடங்குவது கம்மி என்று. வீடியோவில் பிசியோதெரபிப் பெண்ணிடம் காட்டினேன். எப்படியாவது ரோட்டில் நடக்க வையுங்கள், இனிமேல் நாள் தள்ளாதீர்கள் என்றாள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்று அழுதேன். மலையைப் பார்த்துத் திட்டினேன். எனக்கு அதற்கு மேல் போய்த் திட்ட ஆளில்லை.

பிறகு தளர்வு வந்தது. காலையில் நடைப்பயிற்சிக்கு அனுமதி. கிரிவலத்துக்கு மட்டும் தடை நீடிக்கும். செய்தியில் கேட்டதும் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துத் தெருமுனைக்குக் கூட்டிப்போனேன். வலது கால் செருப்பு அவருக்கு நிற்காது. கழன்று விழுந்தாலும் விழுந்தது தெரியாது. அதனால் வெறுங்காலோடுதான் நடத்துவேன். பாதைக்கு வந்ததும் அவர் பழக்கத்தில் மலை வலப்பக்கம் வருகிற மாதிரி திரும்பினார். கான்ஸ்டபிள் எழுந்து வந்துவிட்டார்.

"வாக்கிங்னா ஓகேம்மா. கிரிவலம்னா கண்டிப்பா கிடையாது. மேலேர்ந்து ஆர்டர்."

"வாக்கிங்தாங்க சார்."

"வெறுங்காலோட, மலைய வலதுல வச்சுக்கினு போறாரு. இத்தப் போயி வாக்கிங்னா யாரும்மா நம்புவாங்க? இவர விட்டா நாளைக்கு நூறு பேரு வந்து வாக்கிங்னு சொல்லுவாங்க. செருப்பு போட்டுக்கினு இப்படி எதிர்ப்பக்கமா போகச் சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கான்ஸ்டபிளும் இந்தப் பக்கத்து ஆள்தான். சாமிக்காக நடக்கிற எவனும் மலையை இடப்பக்கம் விட்டுப் போகமாட்டான் என்று அவருக்குத் தெரியும். யார் பக்தன், யார் தொப்பையைக் குறைக்க வந்தவன் என்று பிரிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அன்றைக்குத் தெருவில் மறுபடி பஞ்சாயத்து. செருப்பு போட்டுக்கொண்டு வலமாகப் போனால் அது என்ன? ஆசிரமத்தில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் ஷூ போட்டுக்கொண்டு வலமாகப் போகிறார்களே, அது எந்தக் கணக்கு? போகும்போது இடமாகப் போய் வரும்போது வலமாக வந்தால் அரைக் கிரிவலமா? சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழி கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எந்தப் பக்கம் நடந்தால் என்ன, கால் நடந்தால் போதும். ஆனால் அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"மாட்டேன்."

"ஏங்க, கடையிலேர்ந்து திரும்பி வரச்சே மலை இடதுலதானே இருந்துது? அப்ப நடந்தீங்க இல்ல?"

"அது கடைக்குப் போயிட்டு வூட்டுக்கு வர்றது. இது நடக்கறதுக்குன்னே கிளம்பறது. கிளம்பறப்பவே இடமாவா?" இடது கையால் வலது தொடையைத் தட்டிக் காட்டினார். "இந்தப் பக்கம் போயிடுச்சு. மலைய இடமா சுத்தி அந்தப் பக்கமும் போவணுமா?"

வயசுப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து ஒரு பௌர்ணமி விடாமல் சுற்றியவர். இடமாகச் சுற்றினால் மிச்சமிருக்கும் பாதி உடம்பும் போய்விடும் என்ற பயம் அவருக்குள் வேர் விட்டிருந்தது. நான் கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்து பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஒரு நாள் கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து அவர் வலது காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலைப் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவேயில்லை.

கான்ஸ்டபிளிடம் போய் நின்றேன், ஒரே ஒரு ஆளை வலமாக விடுங்கள் என்று. எதிர்வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று அந்தப் பெண்ணிடம்கூடக் கேட்டேன், நீ மட்டும் கம்ப்ளைன்ட் பண்ணாமல் இரு, மற்றவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவள் அழுதுவிட்டாள். "எனக்கு மட்டும் ஆசையாக்கா? ஒருத்தர விட்டா கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்துதான் எங்க வூட்ல எழவு வுழுந்துது" என்றாள். அவரவர் நியாயம் அவரவருக்குச் சரியாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் கால் மட்டும் நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டே போனது.

ஒரு காலையில் நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"செருப்ப எட்தாந்து மாட்டு."

எனக்குப் புரியவில்லை.

"இடமாவே போலாம். கூட்டிக்கினு போ."

சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். இத்தனை நாள் இதற்குத்தானே தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எதையோ விட்டுவிட்டார் என்று தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. செருப்பை மாட்டி, கழலாமல் இருக்கப் பழைய புடவைக் கரையைக் கிழித்துப் பாதத்தோடு சேர்த்துக் கட்டினேன்.

தெருமுனையில் கான்ஸ்டபிள் செருப்பைப் பார்த்தார். நாங்கள் திரும்பிய பக்கத்தைப் பார்த்தார். "ம், வாக்கிங் போயிட்டு வாங்கண்ணா" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். தடுப்பைக்கூட அவரே நகர்த்தினார்.

மலை எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். நடந்தார் என்று சொல்வது தப்பு. இடது காலை வைப்பார். வலது கால் மடங்காமல், நுனிவிரல் கல்லில் உரச, நான் இழுத்தால் வரும். பூட்டிக் கிடந்த டீக்கடையைத் தாண்டினோம். அடுத்த மின்கம்பம்வரை போகலாம் என்றேன். அதற்குள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் ஒருத்தி பலத்தில் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. இரண்டு பேரும் நடைபாதையில் சரிந்து உட்கார்ந்துவிட்டோம்.

காலி மனைக்கு அந்தப் பக்கம், தன் கேட்டுக்குள் நின்று எதிர்வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். பிறகு திரும்பி வீட்டுக்குள் குழந்தையைப் பார்த்தாள். வெளியே வரவில்லை. கான்ஸ்டபிள் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்து வேகமாக வர ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. புடவைக் கரை கட்டிய அந்தக் காலையே உற்றுப் பார்த்தார். இடது கையால் முழங்காலை அழுத்தி மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது எனக்குத் தாங்கியிருக்கும். சின்னக் குழந்தை கணக்கில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்.

"இந்தப் பக்கமும் காலு வரலியேடி. இப்ப எந்தப் பக்கம் போறது?"