ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும் வண்டி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சுசீந்திரத்தில் கூடிப் புறப்படும் பைக் குழுவில் சேர்ந்தேன். என்னுடையதோடு பதினோரு வண்டிகள். ஓட்டுபவர்களில் பெண் நான் ஒருத்தி.

2. அன்று திரும்பி வந்ததும் குழுவின் கேப்டன் எல்லோருக்கும் ஒரு வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார். சிறகு விரித்த கழுகு. பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டாத வண்டி குழு வண்டி அல்ல.

3. ஒட்டினேன்.

4. அடுத்த ஞாயிறு, தக்கலைக்குச் சற்று முன்னால், புலியூர்க்குறிச்சியில் என் வண்டி நின்றது.

5. அதற்கடுத்த ஞாயிறும் நின்றது. அநேகமாக அதே இடம்.

6. மூன்றாவது ஞாயிறும் நின்றது.

7. தனுஷ்கோடிப் பயணத்துக்குப் பெயர் எழுதியபோது, கேப்டன் என் பெயரை வண்டிப் பட்டியலில் எழுதாமல் பின்னால் வரும் காருக்கான பட்டியலில் எழுதினார். அவர் மனைவி, இரண்டு குழந்தைகள், கூடாரம், கேஸ் அடுப்பு, நான்.

ஏழாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் வண்டியை நானே தனுஷ்கோடி வரை ஓட்டிப் போக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். மாவட்டத்தைத் தாண்டித் தனியாகப் போக வீட்டில் சம்மதம் இல்லை. குழுவோடு என்றால் சரி என்றார்கள். ஆகவே வண்டிப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் பயணமே இல்லை. காரில் கேஸ் அடுப்பைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடி பார்ப்பதற்கு நான் வண்டி ஓட்டப் பழகியிருக்க வேண்டாம்.

குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேப்டன் துபாயில் இருந்து திரும்பி நாகர்கோவிலில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். சாயாக் கடையில் ரசவடை தின்னப் போவதற்கு முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், முதுகுக்குக் கவசம் போட்டு வருவார். வாய்க்கு மட்டும் எதுவும் கிடையாது. மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அரை மணி நேரம் ஓட்டுவார்கள், ஒன்றரை மணி நேரம் சாயாக் கடையில் நின்று அந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பேசுவார்கள். யார் எத்தனை நிமிடத்தில் திருவனந்தபுரம் போனார் என்பது வாரந்தோறும் குறைந்துகொண்டே வரும். இந்தக் கணக்கில் போனால் ஆடி மாதத்துக்குள் அவர்கள் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

இவர்களில் எனக்கு ஓரளவு பிடித்தவர் குளச்சல் பக்கத்து மீன் வியாபாரி ஒருவர். மற்ற நாட்களில் ஐஸ் பெட்டி கட்டும் அதே வண்டியில்தான் ஞாயிறும் வருவார். வாய் அவருக்குத் தனி எஞ்சினில் ஓடும்.

வண்டி நின்ற முதல் ஞாயிறு, அது இரண்டு முறை விக்கி அடங்கியதும் பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். கேப்டன் கையுறையைக் கழற்றினார். அதுவே ஒரு சடங்குபோல இருந்தது. சாவியை வாங்கி டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“பெட்ரோல் நெறய கெடக்கு.”

மூடினார். செல்ஃபை அமுக்கினார். வண்டி கிளம்பியது.

“கைராசி, கேட்டியா மக்கா. சில பேரு தொட்டா வண்டிக்குத் தெரியும்.”

“அண்ணே, எங்க வீட்டு மிக்சியும் ஓடல்ல. ஒருக்க வந்து தொட்டுட்டுப் போங்க” என்றார் மீன் வியாபாரி.

இரண்டாவது வாரம் பிளக் என்றார்கள். மாற்றினேன். மூன்றாவது வாரம் கார்புரேட்டர் என்றார்கள். அதை முந்தின நாள்தான் கழற்றிச் சுத்தம் செய்திருந்தேன் என்றேன். குறை சொல்லப் பாகங்கள் தீர்ந்துவிட்டதால் கடைசியில் ஓட்டுகிற ஆளுக்கு வந்தார்கள்.

“வெப்ராளப்பட்டு, பதறிப் பதறி கிளச்சப் பிடிச்சுப் பிடிச்சு விடுகே. அதான் நிக்கு” என்றார் கேப்டன்.

“மத்த நாள் வேலைக்கு இதே வண்டியிலதான் அண்ணா போறேன். ஒரு நாள்கூட நின்னதில்ல.”

“அப்பம் தனியால்லா போற. ஞாயிற்றுக்கிழம நாங்க இத்தன பேரு பாக்கோம்லா? கை நடுங்கும். பொம்பளப் பிள்ளையளுக்கு உள்ளதுதான்.”

“ஏட்டி, ஒண்ணு செய்யி. எங்களயெல்லாம் கண்ணக் கெட்டிட்டு ஓட்டச் சொல்லு. ஒனக்கு நடுக்கமும் வராது, இவரு ஓட்டுகதுல வித்தியாசமும் தெரியாது” என்றார் மீன் வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார், அது தன்னைப் பற்றியது என்று புரிவதற்குள்.

நான் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு கருவி தவறாகக் காட்டினால், காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக நீக்குவதுதான் எங்கள் முறை. ஞாயிறுக்கும் மற்ற நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதினேன். தூரம் அதிகம். டேங்க் நிறைய பெட்ரோல், ஏனென்றால் அதுவும் கேப்டனின் விதி. கூட வரும் கூட்டம்.

முதலில் கூட்டத்தை நீக்கினேன். புதன்கிழமை லீவு போட்டு, டேங்க் நிரப்பி, தனியாகச் சுசீந்திரத்திலிருந்து கிளம்பினேன். பார்க்க ஒருவரும் இல்லை. கை நடுங்கவில்லை. புலியூர்க்குறிச்சியில் வண்டி நின்றது.

நடுக்கம் பட்டியலிலிருந்து போயிற்று. ஓரமாக நிறுத்தி, கேப்டன் செய்ததையே செய்தேன். மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்ட சத்தம். பத்து எஞ்சின்களும் பத்து வாய்களும் ஓடிக்கொண்டிருந்த ஞாயிறுகளில் இந்தச் சத்தம் யார் காதிலும் விழ வழியில்லை. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கிளம்பியது. எனக்கும் கைராசி வந்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில், சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. கழுகின் இடது சிறகு அதன் மேல் உட்கார்ந்திருந்தது. காற்று போகாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், பெட்ரோல் இறங்காது. டேங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கு இடம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம் நிற்கும். திறந்து பார்த்தால் சரியாகிவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதே வைத்தியம்.

நாள் முழுக்க அழுத்தத்தையும் வெற்றிடத்தையும் அளந்து சம்பளம் வாங்குகிறவளுக்கு இது மூன்று வாரம் தெரியவில்லை. இதில் கேப்டனை மட்டும் திட்ட முடியாது. அந்த ஸ்டிக்கரை நான் ஸ்பிரிட்டால் துடைத்து, ஹேர் டிரையரால் சூடாக்கி, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டியிருந்தேன். குழுவிலேயே மிக நன்றாக ஒட்டப்பட்ட கழுகு என்னுடையது.

ஊசியால் ஸ்டிக்கரில் ஒரு துளை போட்டேன். வியாழக்கிழமை விடிந்ததும் டேங்கை நிரப்பிச் சிதறால் வரை போய்வந்தேன். வண்டி நிற்கவில்லை.

அந்த ஞாயிறு நான் பேசாமல் பின்னால் வந்து மற்றவர்களைப் பார்த்தேன். என்னுடையதுபோல் பழைய கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் நான்கு இருந்தன. மற்ற ஆறும் புது வண்டிகள், அவற்றில் காற்றுக்கு வேறு வழி உண்டு. வில்லுக்குறி தாண்டியதும் ஒருவர் ஒதுங்கினார், சிறுநீர் கழிக்க. இன்னொருவர் வயலைப் படம் எடுக்க. மீன் வியாபாரிக்குச் சவூதியிலிருந்து தம்பியின் போன் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே டேங்க் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது, கேப்டனுடையது. ஸ்டிக்கர் வருவதற்கு முன்னால், நான் சேர்ந்த ஞாயிறு, சாயா மார்த்தாண்டம் தாண்டித்தான் குடித்தோம். ஸ்டிக்கர் வந்த பிறகு அவருக்குத் தக்கலைச் சாயா திடீரென்று பிடித்துப்போயிருந்தது. கடை வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் டேங்க் மூடியைத் திறந்தார்.

மூன்று வாரமாகப் பழைய வண்டிகள் ஐந்தும் நின்றிருக்கின்றன. ‘வண்டி நின்றுபோயிற்று’ என்று வாயால் சொன்னது நான் ஒருத்தி.

சாயாக் கடையில் சொன்னேன். துளை, வெற்றிடம், புதன், வியாழன், எல்லாம். கேப்டன் ரசவடையை மென்று முடித்தார்.

“எல்லா வண்டியிலயும் இதே ஸ்டிக்கர்தான் இருக்கு. ஒன் வண்டி மாத்திரம் நிக்கு. வேற யாருக்காவது நிக்கா?”

நான் மீன் வியாபாரியைப் பார்த்தேன். “அண்ணா, உங்க வண்டி நிக்கலயா?”

“நிக்குகதா? நான்லா நிறுத்துகேன்” என்றார். சிரிப்பு எழுந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு வடை எடுத்தார்.

கிளம்பும்போது கேப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார். “மக்கா, ஸ்டிக்கர் நானே வரஞ்சு அடிச்சது. அதுல கொற சொன்னா குரூப்புக்குக் கேவலம். ஓட்டினதுல பிசகு வந்துட்டு, இப்பம் சரியாயிட்டுன்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போடு. வண்டி லிஸ்ட்ல பேரு போடுகேன்.”

இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்காமல் மறுத்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அந்த ஒரு வரியை டைப் செய்தேன், அழித்தேன், மறுபடி டைப் செய்தேன். ஒரு வரி எழுதினால் தனுஷ்கோடி. ஆனால் அந்த வரி நிற்கும். இனி நான் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இவர்கள் அதை எடுத்துக் காட்டுவார்கள். கடைசியில் நடந்ததை ஏழு வரியில், படத்தோடு குழுவில் போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு மணி நேரத்தில் அதுவும் எடுக்கப்பட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் மீன் வியாபாரியிடமிருந்து தனியாக ஒரு செய்தி: “மக்கா, ஊசி எந்த சைசு?”

வேறு இருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். மூவருக்கும் சொன்னேன். அடுத்த ஞாயிறு நான்கு பழைய வண்டிகளின் கழுகிலும் துளை இருந்தது, கேட்காத கேப்டனுடையதிலும். சாயா மறுபடி மார்த்தாண்டம் தாண்டிப் போயிற்று. வண்டிப் பட்டியல் மட்டும் மாறவில்லை.

பத்து வண்டிகளும் ஒரு காரும் தனுஷ்கோடி போய்வந்தன. வழியில் எந்த வண்டியும் நிற்கவில்லை என்று கேப்டன் குழுவில் எழுதியிருந்தார். நான் போகவில்லை; காரில் என் இடத்தில் ஒரு ஸ்டெப்னி டயர் போயிற்று. தனியாகப் போக வீட்டில் இன்னும் சம்மதம் இல்லை. இந்தப் பக்கம் வேறு குழு எனக்குத் தெரியவில்லை, அதனால் விலகவும் இல்லை. அடுத்தது வால்பாறை என்கிறார்கள். வண்டிப் பட்டியலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கேப்டன் பார்த்துவிட்டார், பதில் வரவில்லை.