கியர்ல போட்டுட்டுப் போங்க

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சமதரை மைதானத்தில் நின்றுகொண்டு நாற்பது கார்க்காரர்களிடம், “கியர்ல போட்டு, கை பிரேக்க நல்லா இழுத்து, பூட்டிட்டுப் போங்க” என்று கூவிய ஆள் நான்.

கிருத்திகைக்குக் கிருத்திகை திருத்தணி மலையடிவாரச் சரிவில் வண்டிகளை நிறுத்தவைப்பது என் வேலை. அங்கே அப்படிச் சொல்லாவிட்டால் கார் உருண்டு பூக்கடைக்குள் போய் நிற்கும். கோர்ட் பக்கத்து மைதானத்தில் சொல்ல வேண்டியது நேர் எதிர். நியூட்ரலில் விட்டால்தான் தேவைப்படும்போது தள்ளி வழி பண்ண முடியும். அது எனக்குத் தெரியும். என் வாய்க்குத் தெரியவில்லை.

ஊரே டிவியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழக்கு எங்கள் கோர்ட்டில் நடந்த சமயம் அது. ரோட்டில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது என்று போலீசார், கார்களைத் தூக்கி இழுத்துப்போகும் என் இழுவை வண்டியை வாடகைக்கு அமர்த்தி, கையில் ஒரு விசிலும் கொடுத்தார்கள். விசில் வந்ததும் இருந்த கொஞ்சம் புத்தியும் போய்விட்டது.

அன்று காலை முதலில் மாட்டியது, கோர்ட் வாசலுக்கு எதிரே நின்ற ஒரு பழைய சின்ன கார். முன் சக்கரத்தைத் தூக்கி இழுத்துவந்து, மைதானத்தின் கடைசி மூலையில், இடுப்பளவு மதிலை ஒட்டி வைத்தேன். அதற்கு முன்னால் மர நிழலில் என் இழுவை வண்டி. அதையும் சுற்றி, வந்த கார்களையெல்லாம் உள்ளங்கை இடைவெளியில் அடுக்கினேன். தள்ளி நின்று பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

பத்தரை மணிக்கு வேர்த்து விறுவிறுத்து ஒருவர் வந்தார். பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகை விவசாயி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

“என் காரு எங்க?”

காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. கூட்டத்தில் பையை எவனாவது அடித்துவிடுவான் என்று பயந்து, நிலப்பத்திரத்தைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு வக்கீலைத் தேடப் போயிருந்தாராம். அண்ணனோடு கேஸ். இன்றைக்கு அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் கேஸ் தள்ளுபடி என்று போன வாய்தாவிலேயே சொல்லிவிட்டார்கள். ஒன்றே கால் ஏக்கர், கிணற்றோடு.

“பதறாதீங்க நைனா, தள்ளி எடுத்துடலாம்.”

“நைனான்னு கூப்பிடாத. உனக்கு என்னவிட ரெண்டு வயசு கூட இருக்கும்.”

தள்ளினேன். முதல் கார் அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. நாற்பது பேரும் நான் சொன்னதை அப்படியே கேட்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் எல்லாரும் என் பேச்சைக் கேட்டார்கள், அது இந்த நாளாக இருந்தது. வண்டிக்காரர்கள் கோர்ட்டுக்குள், போனெல்லாம் அணைந்து.

“டிக்கி வழியா போலாமே” என்றார் அவர். காருக்கும் பின்பக்க மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. வெளியே சுற்றிப் போய் மதிலைத் தாண்டினோம். டிக்கிக் கதவைத் தாங்கும் கம்பி உடைந்திருந்ததால் அவர் கையால் பிடித்துக்கொண்டார்.

“நீ போ. ஜட்ஜ் முன்னாடி நான் கசங்கின சட்டையோட நிக்க முடியாது.”

சீட்டின் மேல் கவிழ்ந்து, என் தொப்பையைத் தவணை முறையில் உள்ளே அனுப்பி, டேஷ்போர்டிலிருந்த மஞ்சள் பையை எடுத்துப் பின்னால் நீட்டினேன். அவர் பையை வாங்கினார், அதே கையோடு கதவை விட்டார். டமால். மதிலைத் தாண்டி ஓடிவிட்டார், சாவியோடு.

ஒரு பக்கக் கதவு மதிலில் இடித்தது, மறுபக்கம் அடுத்த காரில். கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கித் தலையையும் ஒரு தோளையும் வெளியே விட்டேன். தொப்பை வர மறுத்தது. திருத்தணி வெயில் கார் கூரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. இத்தனை நாளாய் எத்தனை வண்டிகளை இப்படி மாட்டிவைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருவருடைய மஞ்சள் பை இருந்திருக்குமோ? அந்த நினைப்பு வெயிலைவிட மோசமாக இருந்தது.

மத்தியானம் மதிலோரமாக ஒரு ஏட்டு வந்தார்.

“யோவ், உள்ள என்ன பண்ற?”

“பார்க்கிங் பாத்துகினு இருக்கேன் சார்.”

ஒரு தண்ணீர் பாட்டிலை ஜன்னலில் திணித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

பெரிய கேஸ் பொழுதையெல்லாம் தின்றுவிட்டது. சாயங்காலம் கோர்ட் கலைந்து, கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிய பிறகுதான் விவசாயி வந்து டிக்கியைத் திறந்தார். சட்டை இப்போது கசங்கியிருந்தது. நான் தலைகீழாக இறங்கினேன்.

“பத்திரம்?”

“கடைசியா கூப்பிட்டாங்க. வாங்கிகினாங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வைதான் என்று சொல்லிக்கொண்டேன். இழுத்த கூலியும் வேண்டாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“அடுத்த வாய்தாவுக்கு வாங்க. உங்க காருக்குன்னே கேட் பக்கத்துல முதல் எடம் புடிச்சி வெக்கிறேன்.”

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

“பஸ்ல வரேன்.”