காலி நாற்காலிக்கு வந்த கூட்டம்

எங்கள் ஊர் தியேட்டரில் படப்பிடிப்பு நடந்தது ஆடிக் கடைசி வாரத்தில். ஆவணி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், தவறு. முகூர்த்தம் தொடங்கியிருந்தால் அன்று அத்தனை பேர் ஊரில் இருந்திருக்க மாட்டார்கள்.

சின்ன ஊரில் ஓடாத தியேட்டரை ஓட்டப் படாதபாடு படும் ஒருவனைப் பற்றிய சிரிப்புப் படம் அது. ராசிபுரம் பக்கமெல்லாம் தேடிவிட்டு, எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். எங்களுடையதைவிட ஓடாத தியேட்டர் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. கணவர் போனபின் அதை ஓர் அம்மாள் நடத்திவந்தார். டிக்கெட் கொடுப்பதும் அவர், கிழிப்பதும் அவர். கோழித் தீவன வியாபாரி ஒருவர் அதைக் குடோனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். தை பிறந்ததும் பதில் சொல்வதாக அம்மாள் சொல்லியிருந்தார்.

டைரக்டருக்கு அன்று வேண்டியது ஒரே காட்சி: வெறிச்சோடிய அரங்கில் அங்கங்கே நாலு தலை. அதற்காக அவருடைய உதவியாளர், சென்னைக்காரர், கடைவீதியில் சில வீடுகளுக்குப் போய், காலையில் தியேட்டருக்கு வந்துவிடுங்கள் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டார். வாசலில் நின்று கைகூப்பினால் எங்கள் பக்கம் அது குடும்பத்துக்கே அழைப்பு, பங்காளிகளுக்கும் சேர்த்து. போகாமல் இருப்பதுதான் தப்பு.

மறுநாள் பட்டும் மல்லிகையுமாக ஊர் திரண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. நானும் வீட்டாரோடு நடுவரிசையில் இருந்தேன். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். நாலு பேர் போதும், மற்றவர்கள் வெளியே இருங்கள் என்று கெஞ்சினார். யார் அந்த நாலு பேர் என்று சண்டை வரும் என நினைத்தேன். வந்தது வேறு. போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் பெரியவர் முன்வரிசையில் எழுந்தார்.

"ஏனுங்க, அந்தம்மா தியேட்டரு காலியாக் கெடக்குதுன்னு ஊரூராப் போயிக் காட்டுவீங்களா? நாங்க ஒண்ணும் செத்துப் போயிரலீங்க."

கைதட்டல் எழுந்தது, ஆள் ஒருவரும் எழவில்லை. இப்படியே போனால் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்று டைரக்டர் அம்மாளிடம் போய் நின்றார்.

அம்மாள் திரைக்கு முன்னால் வந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"என்ற மானத்தைக் காப்பாத்தோணும்னு வந்தீங்க, சந்தோசம். போன வெள்ளிக்கெழம புதுப்படம் போட்டேன். அன்னைக்கு அல்லாரும் எங்கீங்க போயிருந்தீங்க?"

பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சொந்தத்தில் துக்கம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஊருக்கே ஒரே துக்கமா என்று அம்மாள் கேட்டார்.

"இப்ப எந்திரிங்க சாமி. உள்ளதை அவரு எடுத்துக்கட்டும். அந்தப் படம் இங்கயேதான் ஓடும். அன்னைக்கும் போன வெள்ளிக்கெழம மாதிரி காலியாக் கெடந்தா, மறுநாளே தீவன மூட்டை வந்து எறங்கும்."

நாலு பேரை அவரே கைகாட்டி நிறுத்தினார். பெரியவர் அதில் இல்லை. மற்ற எல்லோரும் பந்தியில் இலை போட்டபின் எழுந்து போகிறவர்களைப்போல வெளியே போனோம்.

படம் பொங்கல் கழிந்த வெள்ளியன்று வந்தது. வடக்கே ரிக் ஓட்டப் போய்ப் பண்டிகைக்கு வந்திருந்தவர்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். பரமத்தி வேலூரிலிருந்து சம்பந்திகளை வரவழைத்திருந்தார்கள். பால்கனிப் படியில்கூட ஆட்கள். திரையில் எங்கள் அரங்கு வந்தது: கிழிந்த சீட்டுகள், யாருக்கும் இல்லாமல் சுழலும் ஃபேன், அங்கங்கே நாலு தலை. நிரம்பி வழிந்த அரங்கு தன் காலி நாற்காலிகளைப் பார்த்தது. பிறகு பெரியவர் பக்கத்துச் சம்பந்தியிடம் உரக்கச் சொன்னார்: "அது நாங்க எந்திரிச்சுக் குடுத்த எடமுங்க."

விசிலில் கூரை அதிர்ந்தது. வேறு எந்த ஊரிலும் அந்தக் காட்சிக்கு விசில் விழுந்திருக்காது. எங்கள் ஊரைப் பற்றி வெளியாட்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தீவன வியாபாரியும் வந்திருந்தார். இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்றார். இடைவேளையில் அம்மாள் அவரிடம் போனார்.

"உக்காரவே எடமில்லீங்க. மூட்டையை எங்க அடுக்குவீங்க?"

அவர் கோபப்படவில்லை. அடுத்த வெள்ளிக்கு என்ன படம் என்று கேட்டார்.