ஆடியில் எடுத்த படம்

என் ஆயுசில் நான் ஒரே ஒரு படத்தில்தான் கதாநாயகியாக நடித்திருக்கிறேன். அதன் பெரும்பகுதியில் எனக்கு இரட்டைச் சடை, கடைசிக் காட்சியில் மட்டும் மொட்டை. இதற்குக் கதையில் எந்தக் காரணமும் கிடையாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் முன்னறையில் தங்கிக்கொண்டு பம்மலில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். வேலை என்றால் லைட் பிடிப்பது. மாப்பிள்ளையும் பெண்ணும் கண்ணைத் திறக்க முடியாமல் தவிக்கும் அந்த வெளிச்சத்தை மணிக்கணக்கில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டு வருவார். இரண்டு வருஷம் கழித்து முதலாளி அவர் கையில் கேமராவைக் கொடுத்தார். அதுவும் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும். பந்தியை யார் திரும்பப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். மாமா சினிமாவைக் கற்றுக்கொண்டது அந்தப் பந்திகளில். தன் இலைக்குப் பாயசம் வராமல் வாளி தாண்டிப் போகும்போது ஒரு மனிதன் முகத்தில் வருகிற பாவத்தை எந்த நடிகராலும் கொண்டுவர முடியாது என்று அடிக்கடி சொல்வார்.

ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஸ்டுடியோ ஈ ஓட்டும். கேமரா பீரோவில் தூங்கும். அந்த ஒரு மாதம் கேமராவைத் தந்தால் சின்னதாக ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று மாமா கேட்க, முதலாளியும் போனால் போகிறது என்று தந்தார். நடுவில் வளைகாப்பு எதுவும் வந்தால் உடனே திருப்பித் தந்துவிட வேண்டும். காசெட்டும் அவருடையதுதான். அதில் முதல் அரை மணி நேரம் யாரோ ஒருவருடைய ரிசப்ஷன் இருந்தது, மிச்சம் காலி. அந்த மிச்சத்தில்தான் எங்கள் படம்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் தெரிந்தவர் ஒருவரிடம் மாமாவின் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆர்டர் எந்த நாளும் வரலாம். மாமா கெஞ்சிக் கூத்தாடியதில் அப்பா கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்.

"படத்த முடிச்சு எனக்குப் போட்டுக் காட்டு. தேறும்னா இன்னும் ஒரு வருஷம் உன் இஷ்டம். அதுக்கு முன்னாடி லெட்டர் வந்துட்டா, பேசாம வேலைக்குப் போயிடணும்."

மாமா தலையாட்டினார். அன்றைக்கு ஆடி பிறந்து மூன்றாம் நாள்.

கதை இதுதான். ஒரு அப்பா மதியச் சாப்பாட்டுக் கேரியரை வீட்டில் மறந்து வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புகிறார். மகள் கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள். எங்கேயும் அவரைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் பசி தாங்காமல் அதை அவளே தின்றுவிடுகிறாள். மகள் நான். கேரியர் அம்மாவுடையது. வெறும் கேரியரை ஆட்டிக்கொண்டு ஓடினால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று மாமா அதில் உருளைக்கிழங்கைப் போட்டு நிரப்பினார். படம் முடிவதற்குள் என் வலது கை இடது கையைவிட நீளமாகிவிடும் என்று நான் அழுதேன்.

அப்பா வேஷத்துக்கு அப்பாவே. ஆனால் அது அவருக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு மூன்று சக்கர வண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவருகிறவர் ஒருவர் உண்டு. அவருடைய வண்டியில் குடங்களுக்கு நடுவில் மாமா உட்கார்ந்து, கேமராவையும் தன்னையும் ஒரு கோணியால் மூடிக்கொள்வார். அப்பா ஸ்டேஷனுக்கு நடக்க, வண்டி பின்னாலேயே போகும். இப்படி ஐந்தாறு காலைகள். தண்ணி வண்டிக்காரருக்கு இதில் தாங்க முடியாத சந்தோஷம்.

"இன்னா சார் இது, உங்க மச்சான நீயே வேவு பாக்கற? அக்காவுக்கு எதுனா சந்தேகம் கீதா?" என்று கேட்டாராம்.

சினிமா எடுப்பதில் எவ்வளவு சட்டம் இருக்கிறது என்று அந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது. வெட்டி ஒட்ட வசதி கிடையாது. அதனால் முதல் காட்சியை முதலில், இரண்டாவதை இரண்டாவதாக, கதை போகிற வரிசையிலேயே எடுத்தாக வேண்டும். பிசகினால் போச்சு. பட்டனை அழுத்தியதும் கேமரா நாடாவைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டுத்தான் ஓடும். ஆகவே மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் நான் ஓட ஆரம்பிக்க வேண்டும். கேமரா எங்கே இருக்கிறது என்று தேடவே கூடாது. இது மூன்றாவது சட்டம், இதற்குத்தான் மாமா அதிகம் திட்டினார். நான் தேடவில்லை. ஆனால் எண்ணும்போது என் உதடு அசைந்தது. ஓட ஆரம்பித்த பிறகும் பயத்தில் எண்ணிக்கொண்டே ஓடினேன்.

முதலில் அது பேசும் படமாகத்தான் இருந்தது. மாமா ஒரு நோட்டு நிறைய வசனம் எழுதி வைத்திருந்தார். ஆடியில் கேமரா சும்மா இருக்கும் என்று கணக்குப் போட்டவருக்கு, அதே ஆடியில் அம்மன் கோவில்கள் சும்மா இருக்காது என்பது எப்படித்தான் மறந்ததோ. எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று கோவில்கள், மூன்றிலும் குழாய் ஸ்பீக்கர். விடிந்ததிலிருந்து அம்மன் பாட்டு. நான் "அப்பா" என்று கத்தினால் எனக்கே கேட்கவில்லை. மாமா இரண்டு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்துவிட்டு, உயர்ந்த படங்களில் யாரும் பேசுவதில்லை என்று கொள்கையை மாற்றிக்கொண்டார். நோட்டின் பின்பக்கத்தில் நான் வாய்ப்பாடு எழுதினேன்.

இன்னும் நான்கு காட்சிகள்தான் பாக்கி என்ற நிலையில் ஒரு ஆடி வெள்ளி வந்தது. அன்று காலை மாமா ஸ்டுடியோவுக்குப் போனதும், அப்பாவும் ஆபீஸ் போனதும், பள்ளிக்கூடம் வேண்டாம், வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள். நான் இரட்டைச் சடைக்குச் சிவப்பு ரிப்பன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பஸ் வண்டலூர் வந்தது. மிருகக்காட்சி சாலை வாசலும் வந்தது. பஸ் நிற்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அதற்கு அப்பால் எங்கள் குலதெய்வக் கோவிலில் இறங்கி, அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. புலி பார்க்கப் போனவள் தலையில் சந்தனத்தோடு திரும்பி வந்தேன். இன்றுவரை அந்தப் புலியை எனக்கு யாரும் காட்டவில்லை.

மத்தியானம் மாமா வந்தார். என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். சடை போட்ட பெண்ணை வைத்து முக்கால்வாசி எடுத்தாகிவிட்டதே.

"நாலு முடி மட்டும் வெட்டி ஒரு பூமுடி குடுத்திருக்கக் கூடாதாக்கா?" என்றார்.

"வேண்டிக்கிட்டது மொட்டை. சாமிகிட்ட பேரம் பேசச் சொல்றியா?" என்றாள் அம்மா.

மாமா என் மொட்டையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாக, "லெட்டர் வந்துடுச்சாக்கா?" என்று கேட்டார். அம்மா மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். முந்தின நாளே வந்திருந்தது. தம்பிக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தால் பெண்ணுக்கு மொட்டை போடுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது மாமாவுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. யாரோ என் முடியைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா கவரைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். சந்தோஷப்பட வேண்டிய நாளில் அக்கா அழுகிறாள், தம்பி அவளைச் சமாதானப்படுத்துகிறார், மொட்டை அடிக்கப்பட்ட என்னைக் கேட்க ஒரு நாதி இல்லை.

ஆனாலும் மாமா விடவில்லை. அம்மாவின் சவுரி இரண்டை எடுத்து, ஒரு துண்டைச் சுற்றி என் தலையில் கட்டி, ரிப்பன் வைத்து, ரயில்வே லைன் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். ஐந்து வரை எண்ணி ஓட ஆரம்பித்தேன். ஆடிக் காற்று ஒரே தூக்காகத் தூக்கியது. ஒரு சவுரி முள்ளுச் செடியில் மாட்டிக்கொண்டது, இன்னொன்றை ஒரு நாய் ஏதோ பிராணி என்று நினைத்துக் கவ்விக்கொண்டு போயிற்று. மாமா கேமராவோடு நாயைத் துரத்தினார். தண்ணி வண்டிக்காரர் வண்டியிலிருந்து இறங்கி உட்கார்ந்து சிரித்தார். அம்மாவுக்கு அந்தச் சவுரி விஷயம் கடைசிவரை ஆறவே இல்லை.

சாயங்காலம் என்னை வீட்டுக் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்து, காலிக் கேரியரை மடியில் கொடுத்துவிட்டு மாமா எதிர்வீட்டு மதில் பின்னால் போனார். பாக்கிக் காட்சிகளை விட்டுவிட்டு நேராக முடிவுக்கு வந்துவிட்டார் என்று எனக்குப் புரியவில்லை. ஆறரை மணிக்கு அப்பா வந்தார். என்னைத் தாண்டிப் போனார். யார் வீட்டுக் குழந்தையோ என்று நினைத்திருக்க வேண்டும். கேட்டில் கை வைத்தவர், நின்று, இரண்டடி பின்னால் வந்து குனிந்து பார்த்தார். அப்பா முகத்தில் அப்போது வந்தது அந்தப் பாயசம் கிடைக்காத முகம். அப்புறம் என் தலையில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. மதிலுக்குப் பின்னால் மாமா ஐந்து எண்ணி நிறுத்தினார். படம் முடிந்தது, கடிதத்துக்கு ஒரு நாள் பின்னால்.

ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவிலிருந்து வீடியோ டெக் வாங்கி வந்து எங்கள் வீட்டில் போட்டார். அக்கம்பக்கத்தவர் எல்லோரும் வந்திருந்தார்கள். ரிசப்ஷன் முதலில் ஓடியது. அதுதான் படம் என்று எல்லோரும் ஒன்றிவிட்டார்கள். பெண்ணின் புடவை, மாப்பிள்ளையின் கடுகடுப்பு எல்லாவற்றையும் அலசினார்கள். எங்கள் படம் ஆரம்பித்ததும் பலருக்கு ஏமாற்றம். மாப்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

நான் ஓடினேன். உதட்டை அசைத்துக்கொண்டே ஓடினேன். பிறகு திடீரென்று மொட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பாப்பா சாமி பேர சொல்லிக்கினே ஓடுது பாரு. நைனா கெடச்சா மொட்ட போடறேன்னு வேண்டிக்கினுகீது," என்று தண்ணி வண்டிக்காரர் விளக்கினார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்பா மட்டும் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு, தான் நடந்து போகிற இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். ஒரு தோள் தாழ்ந்து, பையை இடுக்கிக்கொண்டு, ரயிலுக்கு அவசரமாகப் போகிற முதுகு.

"நான் இப்படியா நடக்கறேன்?" என்று அம்மாவிடம் கேட்டார். பிறகு மாமாவைப் பார்க்காமல், "நல்லாத்தான் எடுத்திருக்க. அந்த லெட்டர் ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கலாம்," என்றார். மாமா டெக்கின் ஒயரைச் சுருட்டினார்.

காசெட் ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் போயிற்று. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அதன் மேலேயே யாருக்கோ தாலி கட்டிவிட்டார்கள்.

மாமா வேலைக்குக் கிளம்பிய முதல் திங்கட்கிழமை, அம்மா அதே கேரியரில் சாப்பாடு கட்டி வைத்தாள். மாமா அதை மறந்துவிட்டுப் போய்விட்டார். வேண்டுமென்றே இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டார். அம்மா என்னை விரட்டினாள். ஓடினேன். உருளைக்கிழங்கைவிடச் சாம்பார் சாதம் கனம். ஸ்டேஷன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டையில் மாமா யாரோ மாதிரி இருந்தார். கேரியரை வாங்கிக்கொண்டு, நான் ஓடி வந்த வழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேரியரைத் திரும்ப என் கையில் கொடுத்தார்.

"அந்தப் பொட்டிக்கடைலேருந்து இன்னொரு தடவ ஓடி வா, கண்ணு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கேயோ கோணிக்கடியில் கேமரா இருக்கிறது. நான் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிக்கடைக்குப் போய், ஐந்து வரை எண்ணி, ஓடி வந்தேன். மாமா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். செங்கல்பட்டு வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. "ஓகே," என்று சொல்லிக் கேரியரை வாங்கிக்கொண்டு படியேறினார்.

அன்றைக்கு ஒரு தடவைதான் நான் உதட்டை அசைக்காமல் ஓடினேன். அதனால் அந்தக் காட்சியை எப்போது டிவியில் போடுவார்கள் என்று தீபாவளி வரைக்கும் மாமாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ரொம்ப நல்லா வந்திருக்கு, கண்ணு," என்பார். நானும் நம்பினேன்.